வெளியே வாங்கில் இருந்தவர்

அன்னலட்சுமி ரீச்சர் காலமான செய்தியைப் புத்தூரிலிருந்து வந்த பஸ் கொண்டக்டர் கொண்டுவந்தார். ரீச்சரின் தம்பி எழுதிக் கொடுத்த கடிதத் துண்டைப் பாடசாலை வாசற் படலையில் தந்து, "என்ரை தங்கச்சிக்கும் படிப்பிச்சவ" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினார். நான் படிப்பித்துக்கொண்டிருந்த விஞ்ஞானப் பாடத்தை முடித்துவிட்டுத்தான் புறப்பட்டேன். ரீச்சரை அறிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இராது. பாதியில் விட்ட பாடத்தை அவர் மன்னிக்கமாட்டார்.

பருத்தித்துறையில் எங்கள் பாடசாலையில் இருபது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவர். "வடிவாய்ச் சொல்லவேண்டாம், சரியாய்ச் சொல்லு" என்பார். ஒருமுறை கல்வியதிகாரி ஒருவர் ஆங்கிலத்தில் நீளமாகப் பேசியபோது, பக்கத்தில் இருந்த என் கையில் விரலால் தட்டிப் பிழைகளை எண்ணினார். பதினொன்றோடு நிறுத்திவிட்டார்.

ஓய்வுபெற்றதும் லண்டனில் மகனோடு வசிக்கப் போனார். சென்ற வருடம் வயிற்று நோவோடு திரும்பி, புத்தூரில் தம்பி வீட்டுக்கு வந்தார். வைத்தியத்துக்கென்று ஊருக்கு வருபவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. கைராசி, ஊர்த் தண்ணீர், நேர்த்திக்கடன் என்று அவர்கள் சொல்லும் காரணங்களை நான் நம்புவதில்லை. அவரிடமே கேட்டேன்.

"அங்கை இல்லாத என்ன வைத்தியம் இங்கை இருக்கு, அக்கா? பாஷைப் பிரச்சினையோ?"

"நல்லாய்ச் சொன்னீர். அங்கத்தை நேர்ஸ்மாரைத் திருத்திக்கொண்டெல்லோ கிடந்தனான்."

"அப்ப குளிரோ?"

"ஒரு குறையும் இல்லையப்பா. நல்லாய்த்தான் பாத்தவை. வியாழக்கிழமை யாழ்ப்பாணத்திலை டொக்டரிட்டைப் போறன். நீரும் வாரும்."

போனேன். அதற்கு முந்திய கிழமை எடுத்த ஸ்கான் படங்களைப் பார்த்த டொக்டர், "அம்மா, கொஞ்சம் வெளியிலை இருங்கோ" என்றார். பிறகு என்னிடம், "நீங்கள் ஆர், தங்கச்சியோ?" என்று கேட்டார். நான் வாயெடுக்கமுன், வாசலில் நின்ற ரீச்சர் திரும்பி, "ஓம், தங்கச்சிதான்" என்றார். கதவையும் தானே சாத்தினார்.

சத்திரசிகிச்சையால் பயனில்லை என்றார் டொக்டர். எவ்வளவு காலம், எப்படி இருக்கும் என்பவற்றையும் சொன்னார். "அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

எனக்கு அதில் சம்மதமில்லை. உடம்பு யாருடையதோ, செய்தியும் அவருடையது என்பது என் எண்ணம். ரீச்சரோ வெளியே சுவரோரம் போட்டிருந்த நீள வாங்கில் இருந்துகொண்டு, மயிலிட்டிப் பெண் ஒருத்தியோடு எந்த மீனில் முள் குறைவு என்று வாதாடிக்கொண்டிருந்தார்.

பஸ் நிலையத்தில், "அக்கா, டொக்டர் சொன்னது..." என்று தொடங்கினேன்.

"சொல்லாதையும். எனக்குத் தெரியும். லண்டனிலை டொக்டர்மார் முன்னாலை இருத்திவைச்சு, மரியாதையாய், எனக்கே சொன்னவை. மகன் வேலையிலை. தனியக் கேட்டு, தனிய ரெயினிலை வந்து, சோறும் காச்சினன். பிறகு அவனுக்கும் நான்தான் சொன்னன். அழுதவனை நான்தான் தேத்தினன். இங்கை எண்டால் வேறை ஆரும் கேப்பினம். நான் வெளியிலை இருக்கலாம். பிழையே?" என்றார்.

"அதுக்கு என்னையோ பிடிச்சனீங்கள்?"

"நீர் அழமாட்டீர்."

அழவில்லை. தம்பி குடும்பத்துக்கு வேண்டியதை நானே சொன்னேன். அதன் பின் ஏழு மாதம், ஞாயிறுதோறும் புத்தூருக்குப் போய்வந்தேன். அடுத்து எது வரும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவர் ஒருநாளும் கேட்கவில்லை. உலகத்துப் புதினமெல்லாம் கதைத்தோம். காரணங்களை நம்பாத எனக்கு இந்த ஒரு காரணம் விளங்கிவிட்டது.

அவருடைய புத்தகங்கள் பாடசாலை நூலகத்துக்கு வந்திருக்கின்றன. என்னிடம் இருப்பது, சாத்திய கதவுக்குப் பின்னால் டொக்டர் சொன்ன நாலு வசனம். அவர் கேட்க விரும்பாதவை அவை. இங்கும் நான் எழுதப்போவதில்லை.