டார்ச் பிடித்து நின்றவர்

கரப்பான்பூச்சி சூட்டைத் தேடிப் போகும் என்று எனக்குத் தெரியும். அது போய்க் குடியேறிய இடம் என் கணினியின் வயிறு என்பதுதான் தெரியாமல் இருந்தது. பக்கவாட்டு மூடியின் திருகாணியைக் கழற்றி இழுத்ததும் முதலில் வந்தது நாற்றம். புழுத்த அரிசி மூட்டையின் நெடியும் கருகிய பிளாஸ்டிக் நெடியும் சேர்ந்த ஒன்று. பின்னாலேயே பெரிசும் சின்னதுமாக நாலைந்து என் மணிக்கட்டில் ஏறி முழங்கை வரைக்கும் ஓடின. நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

மத்திகிரியில் எங்களுடையது வாடகை மாடிவீடு. படுக்கையறைக்கும் சமையலறைக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரோரம் என் மேசை. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துக் கல்யாணம்வரை ஒரு கம்பெனியில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு வீட்டிலிருந்தே போட ஆரம்பித்தேன். ஜூஜுவாடிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. இரும்புப் பாகத்தில் துளை போடும்போது அது அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு பிடிமானம் வேண்டும், அதைச் செய்து கம்பெனிகளுக்குக் கொடுக்கிறவர்கள். முதலாளி துண்டுத்தாளில் கிறுக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் அதை அளவு பிசகாமல் வரைந்து திருப்பி அனுப்ப வேண்டும். சமையல், துணி, மாமியார் வந்தால் உபசாரம் என்று எல்லாம் எல்லாருக்குமாக இருந்த அந்த வீட்டில், என்னுடையது என்று சொல்லிக்கொள்ள இந்த வேலை ஒன்றுதான் இருந்தது.

அதற்குத்தான் வேட்டு வந்தது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கணினி திடீரென்று படுத்துவிட்டது. ஒரு கோடு இழுத்துவிட்டு எழுந்துபோய், குழம்பைக் கிளறி, அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தால் அப்போதுதான் அந்தக் கோடு திரையில் வந்து நிற்கும். சேமிக்கச் சொன்னால் வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருமுறை அப்படியே உறைந்துபோய் காலையிலிருந்து வரைந்த அத்தனையும் போயிற்று. எனக்கு அழுகை வரவில்லை, அந்தப் பெட்டியை எட்டி உதைக்கத்தான் தோன்றியது.

பட்டறை முதலாளி பொறுத்துப் பார்த்தார். பிறகு போன் செய்தார்.

"என்னா மேடம், முன்னல்லாம் காலைல அனுப்புனா சாயந்தரம் வந்துரும். இப்ப ரெண்டு நாளாவுது. சனிக்கெழமைக்குள்ள இது வர்லன்னா அத்திபெலேல ஒரு டிராயிங் சென்டர் இருக்குது, அங்க குடுத்துடறன். தப்பா நெனச்சுக்காதீங்க. பேக மாடி மேடம்."

வீட்டில் கன்னடம் பேசுகிற மனிதர். பொறுமை போனால் கடைசி வார்த்தைகள் அதில் வந்துவிடும். சீக்கிரம் செய்யுங்கள் என்று கெஞ்சலாகவும் அதட்டலாகவும் சொன்னார். ஒருமுறை அத்திபெலேவுக்குப் போன வேலை திரும்பி வராது என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயந்திரம் என் கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். அங்கே 'ஒய்-ஒய்' என்று ஒரு முறை உண்டு. ஒரு கோளாறு வந்தால் ஏன், அது ஏன், அதுவும் ஏன் என்று கேட்டுக்கொண்டே போய் அடியில் இருக்கும் காரணத்தைப் பிடிக்க வேண்டும். நல்ல முறைதான். அதை அவர் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். சட்னி புளித்தாலும், பால் பொங்கினாலும் வீட்டில் விசாரணை நடக்கும். எங்கே ஆரம்பித்தாலும் கடைசி 'ஏன்' என்னிடம் வந்துதான் நிற்கும்.

"சிஸ்டம் ஏன் ஸ்லோவாவுது? சூடாவுது. ஏன் சூடாவுது? ஃபேன் சுத்தல. ஏன் சுத்தல? தூசி. தூசி ஏன் சேருது?" என்று கேட்டு, என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"நான் தொடைக்கல, அதானே?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீயே சொல்ற."

அப்படித்தான் அடுத்த நாள் காலை மூடியைக் கழற்றினேன். அன்றைக்கு மட்டும் அவருக்கு மதிய ஷிப்ட். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, மூன்றடி தள்ளி நின்று, செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே கையை விட்டது நான். தாளிக்கிற எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து விசிறியின் இறக்கைகளில் பிசுக்காக அப்பியிருந்தது. அதில் என் தலைமுடி சுற்றியிருந்தது. மூலையில் காராமணி மாதிரி கரப்பான் முட்டைக்கூடுகள், காலியானதும் காலியாகாததும். கரண்டு வரும் பெட்டியின் மேல் ஒரு பல்லி வறண்டுபோய் ஒட்டியிருந்தது. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் நெம்பினேன். உடம்பு வந்தது, வால் அங்கேயே இருந்துவிட்டது.

"அங்க, அங்க, லெப்ட்ல இன்னொண்ணு," என்று அவர் வெளிச்சத்தைக் காட்டினார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இந்த அசிங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்தா இத்தனை நாள் டீ குடித்தேன் என்று நினைத்தபோது நாக்கெல்லாம் கசந்தது. முழுக்கத் துடைத்து, மூடியைப் போட்டு, டெட்டால் போட்டுக் குளித்துவிட்டு வந்து கணினியைப் போட்டேன். விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. கோடு இழுத்தேன். அது முன்பு போலவே ஆடி அசைந்து வந்தது.

"இன்னும் எங்கியோ தூசி இருக்குது," என்று சொல்லிவிட்டு அவர் கம்பெனி பஸ் பிடிக்கப் போனார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஆத்திரத்தில்தான் அதுவரை பார்க்காததைப் பார்த்தேன். உள்ளே எந்தெந்தப் புரோகிராம் ஓடுகிறது, எது எவ்வளவு தின்கிறது என்று காட்டுகிற டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். என் டிராயிங் புரோகிராம் பாவம், கீழே எங்கோ கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, நான் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர், வேண்டிய அளவு தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தது. வைரஸ் என்று நினைத்தேன். அது எங்கே இருக்கிறது என்று தேடிப் போனேன்.

ஒரு போல்டர். அதற்குள் படங்கள். ஒன்றைத் திறந்தால் என் டிராயிங். இன்னொன்றைத் திறந்தால் பிரண்டைத் துவையல் செய்முறை. அடுத்தது, மேலுதட்டு முடியை வலிக்காமல் எடுப்பது எப்படி என்று நான் தேடிய பக்கம். அடுத்தது, தேதி தள்ளிப்போயிருக்கிறது, யாரிடமும் சொல்லாதே என்று என் தங்கைக்கு எழுதியது. அதற்கு அடுத்தது, தள்ளிப்போனது அவ்வளவுதான், வந்துவிட்டது என்று எழுதியது. ஒரு மாதமாக என் திரையைப் படம் பிடித்துப் பிடித்து அந்தப் புரோகிராம் சேர்த்து வைத்திருக்கிறது. தினமும் ஒரு மெயிலுக்கு அனுப்பியும் வைத்திருக்கிறது. அந்த மெயில் முகவரியை நான் நன்றாக அறிவேன். கேஸ் புக் பண்ணுவதற்கும் அதைத்தான் கொடுத்திருக்கிறோம்.

நீக்கப் போனால் பாஸ்வேர்டு கேட்டது. அவர் எதற்கும் வைப்பது பைக் நம்பர்தான். போட்டேன், போய்த் தொலைந்தது. கணினியை அணைத்துப் போட்டேன். இழுத்த கோடு இழுத்த கையோடு வந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். நான் மேசையை விட்டு எழுந்துவிட்டேன்.

வேலை முடிந்து வந்ததும் அவர் வழக்கமாகக் கேட்கிற ஒன்று உண்டு. "இன்னைக்கு என்னா பண்ணுன?" எங்கள் சொந்தத்தில் எந்தப் புருஷனும் பெண்டாட்டியிடம் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதில் எனக்குப் பெருமை. தங்கையிடம் சொல்லிச் சொல்லிப் பீற்றியிருக்கிறேன். எந்த அளவு இடித்தது, எப்படிச் சரிசெய்தேன் என்று நானும் வாய் ஓயாமல் சொல்வேன், அவர் தலையாட்டிக் கேட்பார். இந்த ஒரு மாதமாக அவர் கேட்டது கேள்வி இல்லை, நான் சொல்வதை அந்தப் படங்களோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நினைக்க நினைக்க அருவருப்பாக இருந்தது.

அவர் வந்து ஷூவைக் கழற்றும்போதே கேட்டேன். செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஓ, அதுவா," என்றார். "அது சும்மா ஒரு சாப்ட்வேரு. எங்க கம்பெனில எல்லா சிஸ்டத்துலயும் இருக்குது."

"நான் உங்க கம்பெனியா?"

"சந்தேகம்லாம் கெடையாது. வீட்லருந்து வேலை செய்றவங்க பாதி நேரம் தூங்கறாங்கன்னு பேசிக்கிட்டாங்க. சரி, பாக்கலாம்னு போட்டன். நீ நல்லாத்தான் வேலை செய்ற. ரிப்போர்ட்டு பாத்தன்."

தேறிய பாகத்தின்மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுகிற முகத்தோடு அதைச் சொன்னார். இவர் மேசைக்கு மேலே கம்பெனி கேமரா வைத்தபோது, மனுஷனை நம்பாத பயல்கள் என்று ஒரு வாரம் சோறு இறங்காமல் புலம்பியவர். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

"தப்பு பண்ணாதவளுக்கு இதுல என்னா வந்துச்சு?" என்று வேறு கேட்டார்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "இதப் போட்டா சிஸ்டம் ஸ்லோவாவும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

பொய் சொல்ல மாட்டார், அந்த ஒரு குணம் உண்டு. "கொஞ்சம் ஸ்லோவாவும்னு போட்டிருந்தான். இவ்ளோ ஆவும்னு நெனைக்கல."

"அப்ப நான் உள்ள கைய உட்டு அள்ளும்போது டார்ச் அடிச்சிக்கிட்டு நின்னீங்களே?"

"தூசியும் இருந்துச்சில்ல?"

குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். மறுபடி கழுவினேன். கையில் ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரிந்தது. வெளியே அவர், "சோறு போடறியா?" என்றார். போட்டேன்.

சனிக்கிழமை மதியத்துக்கு முன்பே டிராயிங்கை அனுப்பிவிட்டேன். பட்டறை முதலாளி உடனே கூப்பிட்டார். ஒரு இடத்தில் அவர் கிறுக்கியதில் இருந்த தப்பை நான் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டார். "மேடம், நீங்க இத புடிக்கலன்னா இரும்பு அத்தனையும் வீணாப் போயிருக்கும். அடுத்து ஒரு முழு மிஷினு வருது. அத்தன பார்ட்டும் நீங்கதான் போடணும்." போனை வைத்துவிட்டு, யாரும் இல்லாத வீட்டில் நான் பாட்டுக்குச் சிரித்தேன். அப்படி ஒரு வேலைக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்.

சாயந்திரம் அவர் வந்தார். பாவமாக இருந்ததோ என்னவோ, பஸ் ஸ்டாண்டு பேக்கரியிலிருந்து எனக்குப் பிடித்த தேங்காய் பன் வாங்கி வந்திருந்தார். டீயை உறிஞ்சிக்கொண்டே, பழக்கதோஷத்தில் கேட்டார்.

"இன்னைக்கு என்னா பண்ணுன?"

முழு மிஷின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"சோறாக்குனன்," என்றேன்.