கொஞ்சம் சீக்கிரமாகப் போய்விட்ட பெட்டி

போன வாரம் வியாழக்கிழமை காலையில் அண்ணனின் போன் அடித்தது. எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் போன் அடித்தால் என்ன நினைப்பீர்கள்? லோன் வேணுமா என்று யாராவது கேட்பார்கள். கேஸ் சிலிண்டர் வந்திருக்கும். ராங் நம்பராகக்கூட இருக்கலாம். அந்த போனுக்கு அப்படி எதுவும் வராது. அதில் ஒரே விஷயத்துக்குத்தான் கூப்பிடுவார்கள் — எங்கேயோ ஒரு வீட்டில் சாவு.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தர்மபுரி டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சந்தில், மாவு மில்லுக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் எங்கள் சர்ச். நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். சின்னக் கோயில். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு லேட்டாக வந்தால் செருப்புகளுக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். ஆனால் சந்தில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் அந்தக் கோயில் ஏதோ ஒரு வகையில் தேவைப்படுகிறது. சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன். செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மெழுகுவத்தி — அன்றைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறு வைத்தவர்கள். அப்புறம்... பெட்டி.

ஃப்ரீசர் பெட்டியைத்தான் சொல்கிறேன். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து முகம் பார்க்கிறவரை உடம்பைக் கெடாமல் வைத்திருக்கும் கண்ணாடி மூடி போட்ட பெட்டி. எந்த மதம், எந்தச் சாதி என்று கேட்காமல், காசு வாங்காமல் எங்கள் கோயில் அனுப்பும். தலைமாட்டில் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு சிலுவை உண்டு. வேறு மதத்து வீட்டுக்குப் போகும்போது கழற்றிக்கொள்வோம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டது என் அண்ணன் அருள். பாலக்கோடு மண்டியிலிருந்து தக்காளி ஏற்றுகிற குட்டியானை வண்டி அவனுடையது. போன் வந்தால் தக்காளியை இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவிவிட்டு, பெட்டியை ஏற்றுவான். அந்த அண்ணன் பைபாஸில் பைக்கில் போகும்போது... வேண்டாம், அதை இன்னும் என்னால் எழுத முடியவில்லை.

அவனையும் அதே பெட்டியில்தான் வைத்தோம்.

அடக்கம் முடிந்து, இந்த போனை இனி யார் வைத்துக்கொள்வது என்று ஃபாதர் கேட்டார். நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். சேவை மனப்பான்மை எல்லாம் ஒன்றும் இல்லை. அந்த நம்பரில் வேறு யாரோ ஒருத்தர் ஹலோ சொல்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். "முடியலன்னா எப்ப வேணாலும் குடுத்துடும்மா" என்றார் ஃபாதர்.

என் நல்ல நேரம், அதற்கப்புறம் பெட்டியில் கம்ப்ரஸர் ரிப்பேர். கூப்பிட்டவர்களிடம் ரிப்பேர்ங்க, ரிப்பேர்ங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அவர்கள் வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள், எனக்கு நிம்மதி... என்ன மனசோ. ஆனால் ரிப்பேர் என்பது என்றைக்காவது முடியும் அல்லவா? போன வாரம் முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை கூப்பிட்டது கோவிந்தராஜ். சந்தின் கடைசியில் இருக்கிற சரோஜாக்காவின் மருமகன்.

"பாப்பா, எங்க அத்தைக்குப் பொட்டி வேணுங்க." அவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். நானும் மேலே எதுவும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? இந்த மாதிரி போனில் யாரும் செத்துப்போயிட்டாங்க என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நாமும் உயிர் போயிடுச்சா என்று கேட்கமாட்டோம். பெட்டி வேணும் என்றால் அதுதான் அர்த்தம்.

சரோஜாக்கா...

பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர். அம்மன் கோயிலுக்குக் கட்டுகிற கையோடு செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கும் ஒரு சரம் கொண்டு வந்து போடுவார். அண்ணனுக்கு மாலை கட்டியதும் அவர்தான். அன்றைக்கு நான் அழவே இல்லை, கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், "அழுவறதுன்னா அழுதுடு புள்ள. இப்புடி மொறச்சிகிட்டு இருந்தா மாலை கட்டற எனக்கே பயமா இருக்குது" என்றார். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

அண்ணன் வண்டியை இப்போது ஓட்டுவது அவனுடைய ஃபிரண்ட் ஸ்டீபன். இரண்டு பேரும் பெட்டியை ஏற்றினோம். கண்ணாடியை நான் பார்க்கவில்லை. மேலே ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடிவிட்டேன். சிலுவையைக் கழற்றி ஹேண்ட்பேகில் வைத்துக்கொண்டு ஸ்டீபனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் பின்னால் பெட்டி டொக் டொக் என்றது. திரும்பிப் பார்க்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனேன்.

வீட்டு வாசலில் பந்தல் இல்லை. மேளம் இல்லை. முக்கியமாக, அழுகைச் சத்தம் இல்லை.

ஸ்டீபன் வண்டியை ரிவர்ஸ் எடுத்தான். கோவிந்தராஜ் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"மெதுவாங்க, மெதுவாங்க. அத்தை முழிச்சிகிட்டு இருக்கறாங்க."

இறங்கப் போனவள் வண்டிக் கதவைத் திரும்ப இழுத்துச் சாத்திக்கொண்டேன்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எப்படியும் சாயங்காலம் தாண்டாது என்று கோவிந்தராஜே முடிவு செய்துவிட்டார். அரூரில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட, அவர்களும் பஸ் ஏறிவிட்டார்கள். இதில் அடுத்த தெருவில் ஒரு ரிட்டயர்ட் பஸ் டிரைவரும் சீரியஸ் என்று கேள்விப்பட்டிருக்கிறார். இருப்பது ஒரு பெட்டி. அவர்கள் முந்திக்கொண்டால்?

அதனால் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"இது என்னங்க பஸ் சீட்டா, துண்டு போட்டு எடம் புடிக்கறதுக்கு?" என்றான் ஸ்டீபன். அப்புறம் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். அண்ணன் ஒருநாளும் முதல் தடவையே பெட்டியோடு போகமாட்டானாம். பைக்கில் வெறுங்கையோடு போய், வீட்டுக்குள் நுழைந்து, பார்த்துவிட்டு வந்துதான் வண்டியை எடுப்பானாம். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். உனக்குத் தெரியும்னு நெனச்சேன் என்றான்.

எனக்கு எப்படித் தெரியும்? அண்ணன் எந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தாலும், குளித்துவிட்டு நேராகச் சோறு கேட்பான். வேறு எதுவும் பேசமாட்டான்.

வந்தது வந்துவிட்டது, வண்டியோடு ஓரமாக நிற்கட்டும் என்று கோவிந்தராஜ் கெஞ்சினார். ஓரமாக என்றால் எங்கே? அது ஒரு சந்து. இந்தப் பக்கம் நிறுத்தினால் ஜன்னல், அந்தப் பக்கம் நிறுத்தினால் வாசல். சரோஜாக்கா கண்ணில் படாமல் இதை எப்படி வெளியே எடுப்பது என்று நான் பதறிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அருள் வண்டிதான அது?"

செத்துப்போனவன் பெயரைச் சாகக் கிடக்கிறவர் சொன்னால் வீட்டில் இருக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? வாசலில் நின்ற அவருடைய மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான்தான் உள்ளே போனேன்.

கட்டிலில் பாதி ஆளாக இருந்தார். கண் மட்டும் பழைய கண்.

நான்தாங்கக்கா, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன்.

"சும்மா வர்றதுக்கு வண்டி எதுக்கு? பொட்டிதான எடுத்தாந்துருக்கற."

அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"எனக்கெதுக்குப் பொட்டி? யாருக்குக் காத்துகிட்டு கெடக்கணும் நானு?"

வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். சந்துக்கே தெரியும். அவருடைய ஒரே மகன் சக்தி பெங்களூரில் கால் டாக்ஸி ஓட்டுகிறான். தானாகப் பெண் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றபோது, நான் செத்தாதான் நீ இந்த வாசப்படிய மிதிக்கணும் என்று சரோஜாக்கா சந்தே கேட்கிற மாதிரி சொன்னார். அவனும் ரோஷக்காரன். அதற்கப்புறம் வரவில்லை.

சக்திக்குச் சொல்லியாச்சா என்று மகளிடம் கேட்டேன். அவள் கோவிந்தராஜைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"எல்லாம் முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு... அத்தையே அப்புடித்தானுங்க சொல்லியிருக்கறாங்க."

அதாவது, அந்த ஒரு வார்த்தைக்கு இவர்கள் இவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறார்கள். செத்தாதான் என்று சொன்னாரா? சரி, செத்த பிறகே சொல்லலாம். அவன் பெங்களூரிலிருந்து வந்து சேருகிறவரைக்கும் பெட்டி. திட்டம் பக்கா.

சரோஜாக்கா என் கையைப் பிடித்தார். கையில் சூடே இல்லை.

"பொட்டில வெச்சிக் காட்டுனா, அவன் வந்தானா இல்லையான்னு எனக்குத் தெரியுமா புள்ள?"

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அண்ணன் போனபோது அப்பா கேரளாவில் கட்டட வேலையில் இருந்தார். அவர் வருகிறவரைக்கும் அண்ணன் பெட்டியில் இருந்தான். வந்து கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு அப்பா பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். வருஷக்கணக்காக அண்ணனிடம் பேசாமல் வைத்திருந்தது எல்லாவற்றையும் பேசினார். உள்ளே மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே வந்தேன். மகள் கூப்பிடமாட்டாள், அம்மா பேச்சை மீறினால் ஏதாவது ஆகிவிடும் என்று பயம். மருமகன் கூப்பிடமாட்டார். நம்பரை மட்டும் கொடுத்தார்கள். என் போன் வீட்டில் இருந்தது, கையில் இருந்தது அண்ணனின் போன்தான். அதிலிருந்தே அடித்தேன்.

அதில் ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. சக்தியும் அண்ணனும் சந்தில் ஒன்றாக கிரிக்கெட் ஆடியவர்கள். அண்ணன் நம்பர் அவனிடம் இருக்கிறது. அண்ணன் இப்போது இல்லை என்றும், அந்த நம்பர் எதற்கு அடிக்கும் என்றும் அவனுக்குத் தெரியும். எடுத்தவன் ஹலோகூடச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது.

"சக்திண்ணா, அழுவாத. அம்மா உசுரோடதான் இருக்கறாங்க. அதுக்குத்தான் போன் பண்ணேன். இப்ப பொறப்புடு."

அந்த நம்பரிலிருந்து அப்படி ஒரு செய்தி போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லி ஸ்டீபனை அனுப்பிவிட்டேன். கடைசி பஸ் கையை விட்டுப் போகிற மாதிரி கோவிந்தராஜ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த தெருவில் முந்திக்கொண்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். நான்தான் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவ்வளவு பெரிய பகலை நான் பார்த்ததில்லை. சரோஜாக்காவின் தொண்டைக்குழி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது இறங்க லேட்டானால் என் மூச்சும் நின்றுவிடும். ஓசூரில் டிராஃபிக் என்று சக்தி ஒரு தடவை கூப்பிட்டுச் சொன்னான். இவர் போய்விட்டு அவன் வந்தால்? ஒரு மனுஷனை நம்பிக்கை கொடுத்து வரவழைத்து ஏமாற்றியது மாதிரி ஆகாதா? அதற்குப் பெட்டியே மேல் இல்லையா?

அண்ணன் போனதிலிருந்து நான் பூசையில் நிற்கிறேனே தவிர வாயைத் திறந்து ஜெபம் சொல்வதில்லை. கடவுளோடு பேச்சுவார்த்தை இல்லை. அன்றைக்கு மட்டும், பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவன் வண்டி பஞ்சர் ஆகாமல் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

மத்தியானம் தாண்டிய பிறகு வந்தான். பின்னால் அவன் பெண்டாட்டி. வந்தவன் வாசல்படியில் நின்றுவிட்டான். உள்ளே வர மாட்டேன் என்கிறான். அம்மா சொன்ன வார்த்தை அவனுக்கும் மனசில் இருக்கிறது! அந்த வீட்டில் அத்தனை பேரும் அந்தப் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர்கள்தான் போல.

சரோஜாக்கா தலையைத் திருப்பினார்.

"காத்த மறைச்சிகிட்டு நிக்காத. உள்ள வா. அந்தப் புள்ளையையும் வரச்சொல்லு."

அதற்கு மேல் நான் அங்கே இருக்கவில்லை. சந்தில் இறங்கி நடக்கும்போது உள்ளே மூன்று பேர் ஒரே நேரத்தில் அழுவது கேட்டது. சாவு வீட்டு அழுகை மாதிரியேதான் இருந்தது. ஆனால் நடுவில் ஒரு ஆள், எதுக்குடா இப்புடி எளைச்சிட்ட என்று திட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்று யோசித்துப் பார்த்தேன். ஒருத்தர் போய்விட்டால் அரை மணி நேரத்தில் ஊர் உலகத்துக்கே செய்தி போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் போட்டோ வருகிறது, ரோட்டில் பேனர் வருகிறது. எட்டு ஊர் தள்ளியிருக்கிறவன்கூட லீவு போட்டுவிட்டு வந்து சேருகிறான். அதே ஆள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்போது ஏன் ஒருத்தருக்கும் போன் பண்ணக் கை வருவதில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எட்டாவதோடு நின்றவளுக்கு இது புரியவில்லை.

அடுத்த தெரு டிரைவரா? நேற்று டீக்கடையில் பார்த்தேன். மாஸ்டரிடம் சர்க்கரை கம்மி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

சரோஜாக்கா ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டார். பூசை முடிந்து வெளியே வரும்போது கோவிந்தராஜ் கூப்பிட்டார். இந்தத் தடவை வாய்விட்டே சொன்னார்.

"அத்தை போயிட்டாங்க பாப்பா. எல்லாரும் இங்கயேதான் இருக்கறோம், மத்தியானமே எடுத்துடறோம். பொட்டி வேணாங்க... கோயில்ல சேர் இருந்தா மட்டும் அனுப்பி வுடுங்க."