கதவைச் சாத்திய மகள்

என் மகள் சென்னையில் மெட்ரோ ரயில் ஓட்டுகிறாள். தனியாக ஓட்ட விட்ட முதல் வாரத்திலேயே அந்த ரயிலில் ஏறிவிட வேண்டும் என்று மானகிரியிலிருந்து நானும் அவள் அப்பாவும் போயிருந்தோம். ஊரில் மறுநாள் நடவு. எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு காலைதான். "பத்து இருபதுக்கு என் வீட்டுப் பக்கத்து ஸ்டேஷனுக்கு வருவேன். கதவு அர நிமிசந்தான் தொறந்திருக்கும், டக்குன்னு ஏறிருங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

பூமிக்குள் இறங்கினோம், இறங்கினோம், இறங்கிக்கொண்டே இருந்தோம். ஒரு எஸ்கலேட்டர் முடிந்த இடத்தில் இன்னொன்று. ஆத்தாடி, எங்கள் ஊருணியை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும்! ஒரு ரயில் போய் நாம் மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. ஒன்று தாமதித்தால் பின்னால் வருவதெல்லாம் சுரங்கத்துக்குள் வரிசையாக நிற்குமாம். அத்தனை ரயிலையும் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். தாமதமானால் ஏன் என்று இவள் பதில் சொல்ல வேண்டும்.

சொன்ன நிமிடத்துக்கு அவள் ரயில் வந்தது. கதவு திறந்ததும் நான் ஏறிவிட்டேன். இவரோ, விசேஷ வீட்டில் எல்லாரையும் பந்தியில் உட்கார வைத்துவிட்டுக் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிற மனிதர். கதவோரம் நின்றுகொண்டு, "வாங்க, மொத நீங்க ஏறுங்க" என்று வந்தவர்களுக்கெல்லாம் கைகாட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஓடி வந்த இருவருக்கும் ஒதுங்கி வழிவிட்டார்.

"என்ன செய்யுறீக? இங்குட்டு வாங்க!" என்று கத்தினேன். கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீட்டிய கையோடு நின்றார்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்து அவரைக் கூட்டிக்கொண்டு வீடு சேர்ந்தேன். வழியெல்லாம் திட்டித் தீர்த்தேன். "இதுக்கா அம்புட்டுத் தூரத்துலேர்ந்து வந்தீக?" மகள் ரயிலில் ஏறாமலே ஊர் திரும்புகிற வருத்தம் மனிதர் முகத்தில் அப்பிக் கிடந்தது.

மதியம் மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, மூடுறதுக்கு முன்னாடி கேமராவுல பாத்தேன். நீங்கதான்னு தெரிஞ்சுச்சு. தெரிஞ்சும் மூடிட்டேம்ப்பா" என்று தேம்பினாள்.

இவர் அவளையே பார்த்தார். பிறகு போனை எடுத்து மானகிரியில் இருக்கும் தன் அண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, அம்புட்டுச் சனம் இவள நம்பி உள்ள இருக்கு. பெத்த அப்பன்னுகூடப் பாக்காமக் கதவச் சாத்திப்பிட்டாண்ணே எம் மக!"

சொல்லிக்கொண்டே மகளின் கண்ணைத் துடைத்துவிட்டார்.