கழுத்து சம்மதித்தால்தான்

ஸ்கார்ஃபைச் சுற்றிக் கட்டுவதற்கு முன்னால், உள்ளே போடும் தொப்பியின் பின் ஓரத்தில் சுவெட்டர் பின்ன வாங்கிய புது நூலில் பின்னிய ஒரு சின்னத் துண்டை வைத்து ஊக்குக் குத்திக்கொள்கிறாள் மஸாஹிரா. துண்டு பிடரியில் ஒட்டி உட்கார வேண்டும். அதற்கு மேல் ஸ்கார்ஃப் வந்துவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. அந்தக் கோலத்திலேயே சமைக்கிறாள், மடவளையில் பஸ் ஏறுகிறாள், கட்டுகஸ்தோட்டையில் மீன்காரரோடு மல்லுக்கு நிற்கிறாள். பின்னேரம் அஸர் தொழுகை நேரம் வரைக்கும் துண்டை மறந்தே போனாளானால் அந்த நூல் தேறிவிட்டது. நடுவில் ஒரு தரம் கை தானாகப் பிடரிக்குப் போனாலும் போச்சு. எவ்வளவு விலை உயர்ந்த நூலானாலும் அது அவளுடைய ஊசியில் ஏறாது.

"கையால தடவிப் பாத்தா எல்லா நூலும் நல்ல நூல்தான்" என்பாள். "தேங்கா திருவி, உடுப்புக் கழுவி, இந்தக் கை மரத்துப் போயீக்கி. இதுக்கிட்டப் போய் என்னத்தக் கேக்குற?"

பகல் தொழுகையான லுஹருக்கு முகம் கைகால் கழுவி வுழூ செய்யும்போது மட்டும் துண்டைக் கழற்றி வைப்பாள். தொழுது முடித்து, ஈரம் காயாத கழுத்தில் மறுபடி குத்திக்கொள்வாள். ஈரத்தில்தான் நூலின் சுயரூபம் வெளியே வருமாம். அவளுடைய கணவர் ரஸீன் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். சீமெந்து மூட்டைக்குக்கூட இவ்வளவு பரிசோதனை கிடையாது என்று சிரிப்பார். "சீமெந்தப் புள்ளைக்கு உடுத்துறல்லயே" என்று அவள் வாயை அடைத்துவிடுவாள்.

கண்டி டவுனில் நூல் விற்கும் முதலாளிக்கு அவள் என்றாலே பயம். அசல் கம்பளி என்று அவர் சத்தியம் பண்ணி முடிப்பதற்குள் அவள் கைப்பையிலிருந்து தீப்பெட்டி வெளியே வந்துவிடும். நுனியைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பாள். மயிர் கருகிய வாடை வந்தால் கம்பளி. உருகி மணியாகத் திரண்டால் பிளாஸ்டிக். "ராத்தா, கடையக் கொளுத்திராதீங்க" என்று அவர் கும்பிடாத குறை. பிறகு நனைத்து வெள்ளைச் சீலையில் தேய்த்துச் சாயம் பார்ப்பாள். கழுவிக் காயவைத்துச் சுருக்கம் பார்ப்பாள். கடைசியாகத்தான் கழுத்து.

பெருமை உண்டா என்றால், நிறைய உண்டு. அதை அவள் மறைப்பதும் இல்லை. பிலிமத்தலாவையிலிருந்து ஒரு தாய் தேடி வந்து, தன் குழந்தை அழாமல் போட்டுக்கொள்ளும் ஒரே சுவெட்டர் இதுதான் என்று சொன்னபோது, அடக்கமாகச் சிரித்து வைக்க அவளுக்குத் தெரியவில்லை. "அழாது. நான் பின்னினதெல்லோ" என்றாள்.

அந்தப் பெருமைக்குப் போன மார்கழியில் ஒரு சோதனை வந்தது.

கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் விவேகானந்தன், யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து, ஓய்வுபெற்ற பிறகும் கண்டியிலேயே தங்கிவிட்டவர். இவ்வளவு காலமாகியும் கண்டிக் குளிரோடு மட்டும் அவருக்குச் சமாதானம் இல்லை. கனடாவில் இருக்கும் அவருடைய ஒரே மகள் துஷாந்தி, ஒரு பண்ணையில் ஆட்டு ரோமம் வாங்கி, தானே கழுவிச் சீவி, இராட்டையில் தானே நூற்று ஒரு பை நிறைய அனுப்பியிருந்தாள். அப்பாவுக்கு அதில் ஒரு சுவெட்டர் வேண்டும்; மஃப்ளரைத் தாண்டிப் பின்ன அவளுக்கு வராது. பின்னுகிறவள் மஸாஹிராவாகத்தான் இருக்க வேண்டும்.

பையைப் பிரித்ததும் மஸாஹிரா அசந்துபோனாள். சாம்பலும் மண்நிறமும் கலந்த நூல். கையால் நூற்றதால் ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெலிசு. அதுவே ஓர் அழகு. தீயில் தேறியது. சாயமே போடாததால் சாயப் பேச்சில்லை. இழுத்துப் பார்த்தால் அறுவேனா என்றது. ஆனால் கழுத்தில் குத்திக்கொண்டு தேங்காய் திருவ உட்கார்ந்தவளுக்குப் பாதி மூடிகூட முடியவில்லை, கை பிடரியில் நின்றது. வெதுவெதுப்பான நீரில் ஷாம்பூ போட்டு அலசினாள். வினாகிரியில் ஊறவைத்தாள். மறுபடி மறுபடி கட்டிப் பார்த்தாள். கழுத்தில் சிவப்பாய் ஒரு கோடு விழுந்ததுதான் மிச்சம்.

பையைத் தூக்கிக்கொண்டு விவேகானந்தன் வீட்டுக்குப் போனாள்.

"இது கடிக்கிது சேர். இப்படியே பின்ன எனக்கேலா."

"எனக்கு ஒண்டும் செய்யாது பிள்ளை. அவள் வேலையால வந்து, இரவிரவா இருந்து நூற்றது. நீர் பின்னும், நான் போடுவன்."

போன வருஷம் மகள் இதே ரோமத்தில் பின்னி அனுப்பிய மஃப்ளர் அப்போது அவர் கழுத்தில் இருந்தது. மஃப்ளருக்கும் கழுத்துக்கும் நடுவில், நாலாக மடித்த ஒரு கைக்குட்டையின் ஓரம் மஸாஹிராவின் கண்ணில் பட்டது.

"அந்த லேஞ்சி என்னத்துக்கு சேர்?"

"அது... வேர்வைக்கு" என்றார் அவர். மார்கழிக் குளிரில், கண்டியில், வேர்வை!

அந்த நேரம் பார்த்துத் துஷாந்தி வீடியோ அழைப்பில் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வாடிவிட்டது.

"என்ன அக்கா சொல்லுறியள்? அப்பா அந்த மஃப்ளரை ஒவ்வொரு நாளும் போடுறவர். ஒரு நாளும் கடிக்குதெண்டு சொன்னதில்லை. என்ரை நூல் உங்களுக்குப் பிடிக்கேல்லையெண்டால் நேர சொல்லுங்கோ."

விவேகானந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கழுத்திலிருந்த கைக்குட்டையை உருவிக் காட்டியிருந்தால் வழக்கு அந்த நிமிஷமே முடிந்திருக்கும். மஸாஹிராவின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது. ஆனால் ஒரு தகப்பன் மகளுக்காக ஒரு வருஷமாகக் காப்பாற்றி வந்த பொய்யைப் போட்டுடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஊக்கைக் கழற்றி ஸ்கார்ஃபை விலக்கி, புறத்தார் யாருக்கும் காட்டியிராத தன் கழுத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"பாருங்க. இது உங்கட நூல் போட்ட கோடு. நாளைக்கு வாப்பாட கழுத்துலயும் இது வரும். அவர் வாயத் தொறந்து செல்ல மாட்டார், உங்களுக்குத் தெரியுந்தானே."

அந்தப் பக்கம் முகம் திரைக்குக் கிட்ட வந்தது.

"ஐயோ அக்கா" என்றாள் துஷாந்தி. "அப்ப என்ன செய்யிறது?"

"நூல்ல குறையே இல்ல. எவ்வளவு அழகா நூத்தீக்கிறீங்க. கழுத்துக்கிட்டப் போகாம பின்ற வழிய நான் பாக்குறன்."

உடம்புக்கும் கைக்கும் மகளுடைய நூல். கழுத்துப் பட்டிக்கும் மணிக்கட்டுக்கும் பருத்தி நூல். சொல்வது சுலபம். கம்பளி சுருங்குமளவுக்குப் பருத்தி சுருங்காது. இரண்டையும் சேர்த்துப் பின்னிக் கழுவிய முதல் துண்டு, கோணல் வாயோடு காய்ந்தது. பிரித்தாள், ஊசியை மாற்றினாள், மறுபடி பின்னிக் கழுவினாள். அந்தப் பருத்தியும் பிடரியில் ஏறி, பஸ்ஸில் போய், மீன் வாங்கி வந்தது. அன்று அஸருக்கு வுழூ செய்ய ஸ்கார்ஃபைக் கழற்றும்போதுதான் துண்டு இருந்ததே அவளுக்கு நினைவு வந்தது. "பாஸ்!" என்று அவள் போட்ட சத்தத்தில் ரஸீன் தேத்தண்ணியைச் சிந்திக்கொண்டார்.

சுவெட்டரைக் கொண்டுபோன அன்று போனைக் கதிரையின் முதுகில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதற்குள்ளிருந்து துஷாந்தி பார்த்துக்கொண்டிருந்தாள். விவேகானந்தன் மஃப்ளரைக் கழற்றினார். சட்டைக் காலருக்குள் கைக்குட்டை அப்படியே இருந்தது. அதன் மேலேயே சுவெட்டரைப் போட்டு, கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டி, கழுத்துப் பொத்தானை மட்டும் விட்டுவைத்தார்.

"அப்பா, கடிக்குதே?"

"சீச்சீ, இல்லைப் பிள்ளை."

போன வருஷமும் இதே பதில்தான். மஸாஹிரா அவருடைய வாயைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கை மெல்ல மேலே வந்தது. கழுத்துக்குப் போனது.

அந்தக் கை உள்ளே போய்க் கைக்குட்டையை உருவி மேசையில் வைத்தது. பிறகு திரும்பிப் போய், கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டது.