பதில் வராத மனு

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், இந்த அக்கரைச் சீமையில், சூலியா தெருவிலிருந்த தன் கடை மாடியில் தானே ஒரு ஒலிபரப்புப் பெட்டி கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அதில் அரை மணி நேரம் தமிழில் பேசுவார். நாகப்பட்டினக் கப்பல் என்றைக்கு வரும், யார் யாருக்குக் கடிதம் காத்திருக்கிறது, நடுவில் ஒரு பாட்டு. அவ்வளவுதான். அதைக் கேட்கக் கீழே காப்பிக்கடை ரேடியோ முன் கூட்டம் கூடும். அந்த அரை மணிக்காகவே மனிதர் வாரம் முழுவதும் உயிரோடிருந்தார். என் மனைவிக்கு அதில் எரிச்சல், எனக்குப் பெருமை.

ஒலிபரப்பு உரிமத்தை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். இரண்டு மாதம் முன்பே மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. வருஷமும் முடிந்தது. உரிம அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேட்டோம்.

"கே.ஐ.வி.ல இருக்கு லா, அண்ணே. தொரை பாப்பாரு," என்றார் அங்கிருந்த குமாஸ்தா, தலையை நிமிர்த்தாமலே.

நானும் சர்க்கார் குமாஸ்தாதான். சந்தைக் கடை உரிமங்கள் என் மேசையில். 'பார்வையில் வை' என்று பொருள்படும் அந்த மூன்று எழுத்தை எத்தனை பேர் மனுவில் நானே எழுதியிருக்கிறேன்! எழுதியபின் அதை ஒருவரும் பார்ப்பதில்லை.

வக்கீலிடம் ஓடினோம். "மறுத்திருந்தா மேல்முறையீடு போடலாம். அவங்கதான் மறுக்கவே இல்லியே, எதை எதிர்த்து வாதாடறது?" என்றார்.

படியிறங்கும்போது மச்சான் கேட்டார். "பதில் வர்ற வரைக்கும் பேசலாமா, மாப்ளே? நீங்கதான் ஆபீஸ்காரரு."

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மனு நிலுவையில் இருந்தால் பழைய உரிமமே செல்லும். எந்தக் கடைக்காரனையும் பிடித்ததில்லை. எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று நினைத்தேன். யாரையும் விசாரிக்கவில்லை. "தாராளமா பேசுங்க மச்சான்," என்றேன். பெரிய மேதாவி நான்!

அடுத்த வெள்ளிக்கிழமை எதிர்க்கடை வாசலில் ஒருவர் சைக்கிளோடு நின்றார். காப்பி குடிக்கவில்லை, யாரோடும் பேசவில்லை. ரேடியோவில் மச்சானின் குரல் வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். முடிந்ததும் மறுபடி குறித்தார். அதன்பின் வாராவாரம் வந்தார். மச்சானும் அவரைப் பார்த்தார், நானும் பார்த்தேன். ஆறு மணி ஆனதும் மச்சான் பெட்டி முன் போய் உட்கார்ந்துவிடுவார். எனக்கு வியாழக்கிழமையே சோறு இறங்காது.

உரிமம் முடிந்த எட்டாவது மாதம் போலீஸ் மாடியேறிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. கோர்ட்டில் ஒரே கேள்விதான், உரிமம் இருக்கிறதா என்று. மனுவின் நகலை நீட்டினோம். அது உரிமம் ஆகாது என்று சொல்லி, அபராதம் போட்டு, பெட்டியைப் பறிமுதல் செய்தார்கள்.

தீர்ப்பான மூன்றாம் நாள் தபாலில் பதில் வந்தது. அத்தனை மாதம் வாயைத் திறக்காதவர்கள்! உரிமமின்றி ஒலிபரப்பித் தண்டனை பெற்றவர் என்பதால் மனு நிராகரிக்கப்படுகிறது, இரண்டே வரி. மச்சானுக்குப் படித்துச் சொன்னேன்.

காகிதத்தை வாங்கி, பெட்டி இருந்த வெறும் மேசைமேல் வைத்தார். "மறுத்துட்டாங்கல்ல? இனிமே மேல்முறையீடு போடலாம், மாப்ளே," என்றார்.

கிண்டலா, நம்பிக்கையா என்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. பெட்டி போனபின்னும் கீழே கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது.