கொதிக்காமல் நின்ற எண்ணெய்

எரிபொருள் சோதனைக்கூடத்தில் அவருக்கு ‘ஆறட்டும்’ என்று பெயர். எந்தக் குழாயைக் கழற்றப் போனாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். “பொண்ணு பார்க்கப் போனப்பவும் ஆறட்டும்னுதான் சொல்லியிருப்பார்” என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

அவருக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவர் அக்காவின் கணவர். லேசான எண்ணெயையும் கனமான எண்ணெயையும் கலந்து, அழுத்தத்தில் வைத்துச் சூடேற்றி, ஊசித் துளை வழியாகக் கண்ணாடி அறைக்குள் பீய்ச்சுவது இருவருக்கும் வேலை. ஒருநாள் அத்தான் ஒரு கிளைக் குழாயின் மூடியைத் தளர்த்தினார். எண்ணெய் புகையாகச் சீறி, பக்கத்துச் சூடேற்றியில் பற்றி, அத்தானின் உயிரைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் குழாயில் அப்போது அழுத்தம் காட்டும் மானி எதுவும் கிடையாது. உள்ளே பார்க்கச் சின்னக் கண்ணாடி மட்டும் இருந்தது. விசாரணையைக் ‘கவனக்குறைவு’ என்று முடித்தார்கள்.

அக்கா அதை நம்பினாள். மகன் கை தவறித் தம்ளரைப் போட்டாலும், “அப்பனை மாதிரியே அவசரக்குடுக்கை” என்பாள்.

“அத்தான் கண்ணாடியில பார்த்துட்டுதான் திறந்தார், அக்கா.”

“கொதிக்கிறது கண்ணுக்குத் தெரியாதாடா? சும்மா சமாதானம் சொல்லாதே.”

அவர் ஓய்வு பெறும் வாரத்தில், வீட்டாரை அழைத்துவர அனுமதித்தார்கள். அக்காவைத் தடித்த கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைத்தார்.

“குழாய்ல எண்ணெய் எப்படி இருக்கு?”

“குடத்துத் தண்ணி மாதிரி சும்மா கிடக்கு. ஒரு குமிழிகூட இல்லை.”

“கொதிக்க வேண்டிய சூட்டைத் தாண்டி ரொம்ப நேரமாச்சு. அழுத்தம்தான் அமுக்கி வச்சிருக்கு.”

விசையைத் தட்டினார். அழுத்தம் விலகிய கணத்தில் லேசான எண்ணெய் உள்ளிருந்தே கொதித்து, கனமான எண்ணெயைச் சுக்குநூறாகக் கிழித்தது. துளையிலிருந்து தாரை எதுவும் வரவில்லை. வெண்மையான பனிமூட்டம் ஒன்று அறையை நிறைத்தது.

“இன்னொரு தரம் காட்டு” என்றாள் அக்கா.

காட்டினார். இம்முறை அவள் பனிமூட்டத்தைப் பார்க்கவில்லை. குழாயில் அசையாமல் நின்ற எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு அவர் பார்த்தது இதைத்தானா?”

“இதைத்தான்.”

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “கிளம்புடா. பையன் வேலை முடிஞ்சு வந்துடுவான். அவங்க அப்பாவைப் பத்தி நான் சொன்னதெல்லாம் தப்புன்னு நானே அவன்கிட்ட சொல்லணும்.”

அவர் மானியைப் பார்த்தார். முள் இன்னும் இறங்கவில்லை.

“ஆறட்டும், அக்கா.”

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.