ஆடியில் தீர்ந்த பேட்டரி

பரவையில் தையல் கடை வைத்திருக்கிறேன். இதயத் துடிப்பு குறைவாக இருந்ததால் சில வருடங்களுக்கு முன்பு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அது பாட்டுக்கு ஓடியதில், உடம்புக்குள் இருப்பதே மறந்துபோயிருந்தது.

போன ஆனிக் கடைசியில் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது, "பேட்டரி தீரப்போகுதும்மா. தள்ளிப்போடாம மாத்திருவோம்" என்றார் டாக்டர்.

"ஆடி பொறக்கப்போகுது டாக்டர். ஆவணி முதல் முகூர்த்தத்துல வந்துர்றோம்" என்றார் என் கணவர். நானும் தலையாட்டினேன். ஆடியில் ஒரு செங்கல்கூடப் புதிதாக எடுத்து வைக்காத வீடு எங்களுடையது. உடம்பில் கத்தி வைக்க விடுவோமா?

ஆடி பிறந்ததும் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். கோயிலில் கூழ் ஊற்றும் நாளன்று அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தபோது கண் இருட்டிவிட்டது. பக்கத்தில் நின்ற நாத்தனார் சேலையைப் பிடித்து இழுத்திராவிட்டால், கொதிக்கிற கூழுக்குள்தான் விழுந்திருப்பேன்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயத்துக்குப் போகும் பழைய வயர் நன்றாக இருந்ததால், தோலுக்கடியில் பேட்டரியோடு இருந்த சின்னப் பெட்டியை மட்டும் மாற்றினார்கள். டாக்டர் சத்தம் போடவில்லை.

"ஏம்மா, கூழ் ஊத்த ஆடி ஆகும், பேட்டரி மாத்த மட்டும் ஆகாதா?" என்று கேட்டார்.

இப்போது டாக்டர் சொல்லும் தேதிதான் எனக்கு நல்ல நாள். போன வாரம் பரிசோதனைக்குக் கிளம்பும்போது கணவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, "ராகு காலமா இருக்கு. கொஞ்சம் பொறுத்துப் போவமா?" என்றார்.

"நீங்க பொறுத்து வாங்க. நான் போறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டேன்.